இடது காலுக்கு வேலையில்லாத கார்

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் ஐரோப்பாவில் உறவினர் ஒருவரேனும் இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. முன்பு அங்கிருந்துதான் இங்கே வருவார்கள். இப்போது இங்கிருந்தும் சிலர் போய் வருகின்றோம். பிள்ளைப்பேறு பார்க்க, கலியாணத்துக்கு, செத்தவீட்டுக்கு, நோயாளியைப் பார்க்க என்று குறுகிய கால விசாவில் போகும் பெண்கள் பலர். அங்கே போனபின் எல்லோருக்கும் ஒரே குறைதான். யாராவது வேலை முடிந்து வந்து ஏற்றிக்கொண்டு போனால்தான் வீட்டுப் படியைத் தாண்டலாம்.

இங்கே வாகனம் செலுத்தப் பழகிய பெண்ணொருத்தி அங்கே ஒரு காரை வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்ட முடியுமா? முடியும். அதிலும் கியர் மாற்றத் தேவையில்லாத ஒட்டோமற்றிக் காரை எடுக்கலாம். அதற்கு என்ன வேண்டும், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதை எனது பயண அனுபவத்தோடு சேர்த்து எழுதுகின்றேன். வெளிநாடு போகும் எண்ணம் இல்லாத சகோதரிகளும் வாசியுங்கள். கட்டுரையின் கடைசிப் பகுதி உங்களுக்கானது.

ஏன் ஒட்டோமற்றிக்?

2009 ஏப்ரலில் ஷெல் வீச்சில் எனது இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் காலுடன் நடக்கின்றேன். கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதுகின்றேன். சைக்கிள் மிதிப்பது சிரமம், பஸ்ஸில் நின்று போவது அதைவிடச் சிரமம். 2016 இல், கிளச் இல்லாத காருக்கு இடது கால் தேவையில்லை என்று ஒருவர் சொன்ன பிறகுதான் சாரதிப் பயிற்சிப் பாடசாலைப் பக்கம் போனேன்.

மனுவல் காரில் மூன்று மிதிகள் இருக்கின்றன. இடது பக்கத்தில் இருப்பது கிளச். ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் இடது காலால் அதை அழுத்தி விட வேண்டும். ஒட்டோமற்றிக் காரில் பிறேக்கும் அக்சிலேற்றரும் மாத்திரமே. இரண்டையும் வலது கால் பார்த்துக்கொள்ளும். இடது கால் ஒரு பக்கத்தில் சும்மா இருக்கும். எனது இடது காலுக்கு அது பொருத்தமான வேலைதான்.

இலங்கையில் ஓடும் யப்பான் கார்களில் மிகப் பெரும்பாலானவை ஒட்டோமற்றிக். ஆனால் ஐரோப்பாவில் நிலைமை வேறு. அங்கே சிறிய இயந்திரமும் மனுவல் கியரும் கொண்ட கார்களே நீண்டகாலம் மலிவாகவும் எரிபொருள் சிக்கனமாகவும் இருந்தன. ஒட்டோமற்றிக் காரில் பரீட்சை எழுதித் தேறினால் அனுமதிப்பத்திரத்தில் 78 என்ற குறியீட்டைப் போட்டு, மனுவல் ஓட்டக்கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். அதனால் இளம் பிள்ளைகள் எல்லோரும் மனுவலிலேயே பழகினார்கள். இப்போது இது மாறி வருகின்றது. ஜேர்மனியில் 2021 ஏப்ரல் முதல், மனுவலில் குறைந்தது 10 பாடங்கள் பழகி, பாடசாலை நடத்தும் சிறு சோதனையிலும் தேறியவர், இறுதிப் பரீட்சையை ஒட்டோமற்றிக்கில் செய்தாலும் இரண்டையும் ஓட்டலாம். மின்சாரக் கார்கள் கூடக் கூட, கிளச் மிதியே தெரியாத சாரதிகளும் கூடுவார்கள்.

ஒட்டோமற்றிக் என்றால் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் உரியது என்ற ஏளனமும் அங்கே இருந்தது. 1958 இல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் இறப்பர் பட்டிகளால் இயங்கும் ஒட்டோமற்றிக் சிறு காரை அறிமுகம் செய்தபோது, அதற்கு அப்படித்தான் பட்டப்பெயர் வைத்தார்கள். இங்கேயும் "ஒட்டோ ஓடுறது ஓட்டமே?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்வதில் நான் நேரம் செலவழிப்பதில்லை.

பயணத்தின் தேவை

எனது அக்கா 1985 இல் ஜேர்மனிக்குப் போனவர். ஸ்ருட்காட் நகருக்கு அருகே வசிக்கின்றார். அண்ணா 1989 இல் சுவிற்சர்லாந்துக்குப் போய் பாசலில் குடியேறினார். நான் அம்மாவுடன் இங்கே இருந்துவிட்டேன். 1985 இற்குப் பின்னர் நாங்கள் மூவரும் ஒரே கூரையின் கீழ் இருந்ததில்லை. அண்ணாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புச் செய்கின்றார்கள். அவரால் எங்கும் போக முடியாது. நாங்கள்தான் போக வேண்டும்.

2023 ஓகஸ்டில் அக்காவிடம் போனேன். அங்கிருந்து பாசலுக்குச் சுமார் 260 கி.மீ. ரயில் உண்டு. ஆனால் இடையில் ரயில் மாற வேண்டும். அக்காவின் இரண்டு முழங்கால்களும் வருத்தம், எனக்கு ஒரு கால், கையில் பெட்டிகள். அத்தான் காலமான பின் அவர்களது காரையும் விற்றுவிட்டார்கள். ஆகவே நான் புறப்படுவதற்கு முன்பே கார் வாடகைக்கு எடுப்பது பற்றி விசாரித்து வைத்திருந்தேன்.

"உனக்கென்ன விசரே? இது கிளிநொச்சி றோட்டில்லை. இஞ்சை எல்லாம் வலப்பக்கத்தாலைதான் போகோணும்" என்றார் அக்கா.

"தெரியும் அக்கா. நீங்கள் பக்கத்திலை இருங்கோ, போதும்."

அக்கா முப்பத்தெட்டு வருடங்கள் அந்த நாட்டில் காரின் பக்கத்து ஆசனத்தில் மாத்திரமே இருந்தவர்.

புறப்படுமுன் ஆயத்தம்

முதலாவது, அனுமதிப்பத்திரம். இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரமும் வேண்டும். இதைக் கொழும்பிலுள்ள இலங்கை மோட்டார் வாகனச் சங்கம் வழங்குகின்றது. இது ஒரு மொழிபெயர்ப்புப் போன்றதே. தனியே இதை மாத்திரம் காட்டி ஓட்ட முடியாது. மூல அனுமதிப்பத்திரமும் கையில் இருக்க வேண்டும். அங்கே போனபின் எடுக்க முடியாது, இங்கேயே எடுத்துச் செல்ல வேண்டும். அநேகமான நிறுவனங்கள் அனுமதிப்பத்திரம் எடுத்து ஒரு வருடமாவது கடந்திருக்க வேண்டும் என்று கேட்கும். 25 வயதுக்குக் குறைந்தவர்களிடம் மேலதிகக் கட்டணம் வாங்கும்.

இரண்டாவது, கடனட்டை. இங்கேதான் எம்மில் பலர் நின்றுவிடுகின்றோம். வாடகைக்கு எடுப்பவரின் பெயரிலேயே கடனட்டை இருக்க வேண்டும். மகனின் அட்டை, தம்பியின் அட்டை செல்லாது. காரை ஒப்படைக்கும்வரை சில நூறு யூரோவை அந்த அட்டையில் மறித்து வைப்பார்கள். சாதாரண வங்கி அட்டையைப் பல இடங்களில் இதற்கு ஏற்பதில்லை. எனக்கு மாதச் சம்பளம் சிறியது. ஆயினும் வங்கியில் இருந்த நிலையான வைப்பைப் பிணையாக வைத்து எனது பெயரில் ஒரு அட்டை பெற்றுக்கொண்டேன். அதை வங்கியில் கேட்டபோது, "வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?" என்று விசாரித்தார்கள். "நான்தான் இருக்கிறேன்" என்றேன்.

மூன்றாவது, பதிவு. குறிப்பாகக் கேட்காவிட்டால் ஐரோப்பாவில் மனுவல் கார்தான் கிடைக்கும். ஒட்டோமற்றிக் கார்கள் எண்ணிக்கையில் குறைவு, வாடகையும் கூட. யூலை, ஓகஸ்ட் விடுமுறைக் காலத்தில் அவை முதலில் முடிந்துவிடும். ஆகவே பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

பதிவுத் தாளில் காரின் பெயருக்கு அருகே நான்கு ஆங்கில எழுத்துக்கள் இருக்கும். உதாரணமாக சீ.டீ.எம்.ஆர். அல்லது சீ.டீ.ஏ.ஆர். முதல் எழுத்து காரின் அளவு. இரண்டாவது அதன் அமைப்பு. மூன்றாவது எழுத்துத்தான் எமக்கு முக்கியம். அது 'எம்' என்றால் மனுவல், 'ஏ' என்றால் ஒட்டோமற்றிக். நான்காவது எழுத்து எரிபொருளையும் குளிரூட்டியையும் குறிக்கும். காரின் பெயரோடு "அல்லது இதனை ஒத்தது" என்று எழுதியிருப்பார்கள். அதாவது அதே காரைத்தான் தருவோம் என்று அவர்கள் சொல்லவில்லை. நாம் பிடித்துக்கொள்ளக் கூடியது அந்த எழுத்துக்களைத்தான். பணம் கட்டுமுன் மூன்றாவது எழுத்தைப் பாருங்கள். தாளை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

வேறொரு நாட்டுக்கு ஓட்டிச் செல்வதாயின் அதையும் பதிவு செய்யும்போதே தெரிவித்து அனுமதி பெற வேண்டும்.

கருமபீடத்தில்

விமான நிலையத்தில் இருந்த வாடகை நிலையத்துக்கு அக்காவும், அக்காவின் மகளும், நானும் போனோம். கருமபீடத்தில் நின்ற இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் நீட்டிய திறப்பு மனுவல் காருடையது. ஒட்டோமற்றிக் எல்லாம் முடிந்துவிட்டன என்றார். பெரிய வகைக்கு மாறினால் ஒன்று இருக்கின்றது, ஒவ்வொரு நாளுக்கும் மேலதிகமாகக் கட்ட வேண்டும் என்றார். பிறகு, "கூட வேறு யாராவது, கணவர் யாராவது, ஓட்ட மாட்டார்களா?" என்றும் கேட்டார்.

பெறாமகள் எனது காதுக்குள், "சித்தி, காலைக் காட்டுங்கோ. உடனை தருவினம்" என்றாள்.

அவள் நல்லதை நினைத்துத்தான் சொன்னாள். ஆனால் 2009 இற்குப் பின்னர் நான் எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் அந்தக் காலைக் காட்டியிருக்கின்றேன். முகாமில், நிவாரணப் பதிவில், வீட்டுத் திட்டத்தில். ஒவ்வொரு தடவையும் பாவாடையைச் சற்று உயர்த்த வேண்டும். எதிரில் இருப்பவர் பார்த்துவிட்டு எழுதிக்கொள்வார். உங்களில் பலருக்கு இது தெரியும். இங்கே நான் நிவாரணம் கேட்டு வரவில்லை. முழுப் பணமும் கட்டிப் பதிவு செய்துவிட்டு வந்திருக்கின்றேன்.

அச்செடுத்த தாளை மேசையில் வைத்து மூன்றாவது எழுத்தில் விரலை வைத்தேன். "நான் கேட்டது ஒட்டோமற்றிக். நீங்கள் உறுதிப்படுத்தியது ஒட்டோமற்றிக். மற்றதில் நான் கையெழுத்திட மாட்டேன்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னேன். அவர் உள்ளே போய் மேலதிகாரியோடு பேசினார். நாங்கள் கதிரையில் இருந்தோம். அரை மணித்தியாலத்துக்குப் பின்னர் பெரிய வகை ஒட்டோமற்றிக் காரின் திறப்பு வந்தது. மேலதிகப் பணம் கேட்கவில்லை.

கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தில் நான்கு விடயங்களைப் பார்த்தேன். ஒன்று, கார் சேதமடைந்தால் முதல் எவ்வளவு தொகை எமது தலையில் விழும் என்பது. காப்புறுதி இருந்தாலும் இந்தத் தொகை எமது பொறுப்பு. ரயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம் ஆகியன பெரும்பாலும் காப்புறுதியில் அடங்காது. இரண்டு, எரிபொருள் நிரப்பித் தருகின்றார்களா, நிரப்பித்தான் கொடுக்க வேண்டுமா என்பது. மூன்று, ஓட்டுபவரின் பெயர். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைவிடும். நான்கு, சுவிற்சர்லாந்துக்கான அனுமதி. பின்னர் காரைச் சுற்றி நடந்து ஒவ்வொரு கீறலையும் படமெடுத்து, அவர்களது தாளிலும் குறிக்கச் செய்தோம்.

வலப்பக்க வீதியில்

அந்த நாடுகளில் வாகனங்கள் வீதியின் வலப்பக்கத்தால் போகும். ஸ்ரேறிங் இடப்பக்கத்தில் இருக்கும். இங்கே மனுவல் ஓட்டியவர்கள் இடது கையால் கியர் மாற்றிப் பழகியவர்கள். அங்கே வலது கையால் மாற்ற வேண்டும். புதிய பக்கம், புதிய கை, புதிய வீதி விதிகள் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மூளை தாங்க வேண்டும். ஒட்டோமற்றிக்கில் அதில் ஒரு சுமை குறைகின்றது. இரண்டு கால்களும் நன்றாக உள்ளவர்களுக்கும் நான் ஒட்டோமற்றிக்கையே சிபாரிசு செய்வது இதனால்தான்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. யப்பான் காரில் சிக்னல் போடும் தண்டு வலப்பக்கத்தில் இருக்கும். ஐரோப்பியக் காரில் அது இடப்பக்கத்தில். இங்கிருந்து போகும் பலர் திரும்பும்போது வைப்பரைப் போட்டுவிடுவார்கள். மனுவல் ஓட்டிப் பழகியவர்கள் இடது காலை ஆசனத்தின் பக்கமாக இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கிளச் என்று நினைத்து பிறேக்கை ஓங்கி மிதிப்பார்கள். பின்னால் வருபவர் இடித்துவிடுவார்.

பிறேக்கை அழுத்தியபடியே இயக்க வேண்டும். 'பீ' நிறுத்தி வைக்க, 'ஆர்' பின்னோக்கி, 'என்' நடுநிலை, 'டீ' முன்னோக்கி. இது எல்லா நாட்டிலும் ஒன்றுதான். 'டீ' யில் போட்டு பிறேக்கிலிருந்து காலை எடுத்ததும் அநேகமான கார்கள் தாமாகவே மெல்ல நகரும். கைப் பிறேக்குக்குப் பதிலாகச் சிறிய பொத்தான் ஒன்று இருக்கலாம். சிவப்பு விளக்கில் நிற்கும்போது இயந்திரம் தானாக நின்றுவிடும். அது பழுதல்ல, எரிபொருள் மிச்சப்படுத்தும் ஏற்பாடு. பிறேக்கை விட்டதும் திரும்ப இயங்கும். இவற்றையெல்லாம் வாகனத் தரிப்பிடத்திலேயே இரண்டு மூன்று சுற்று ஓடிப் பார்த்துவிட்டுத்தான் வீதிக்கு இறங்கினேன்.

ஜேர்மனியில் ஊருக்குள் 50, ஊருக்கு வெளியே 100 கி.மீ. வேக எல்லை. அதிவேக நெடுஞ்சாலையில் பல பகுதிகளில் எல்லை இல்லை. 130 இற்கு மேற்படாமல் போகும்படி பரிந்துரை மாத்திரம் உண்டு. நான் வலது ஓரப் பாதையில் 100 இல் போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நெரிசலில் நிற்கும்போது இடது ஓரப் பாதையில் நிற்பவர்கள் இடப்பக்கமாகவும் மற்றவர்கள் வலப்பக்கமாகவும் ஒதுங்கி, நடுவில் அம்புலன்ஸ் போக வழி விட வேண்டும் என்பது அங்கே சட்டம்.

மலைக்கு இன்னொரு கியர்

ஸ்ருட்காட்டிலிருந்து பாசல் போகும் வழியில் ஃபோர்ஸ்ஹைம் என்ற நகரம் வருகின்றது. அங்கே இறங்கி இளைப்பாறினோம். 1888 ஓகஸ்டில் பெர்தா பென்ஸ் என்ற பெண், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சில்லு மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமல் எடுத்துக்கொண்டு, இரண்டு ஆண் பிள்ளைகளோடு மன்ஹைமிலிருந்து இந்த ஊரில் இருந்த தாய் வீட்டுக்கு வந்தார். நூறு கி.மீ. இற்கும் மேற்பட்ட தூரம். மோட்டார் வண்டியில் உலகில் செய்யப்பட்ட முதல் நெடும்பயணம் அதுவே. வழியில் வீஸ்லொக் என்ற ஊரின் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார். அடைத்த குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். மலை ஏறும்போது பிள்ளைகள் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. திரும்பிப் போனபின், மலை ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று கணவருக்குச் சொன்னவரும் அவரே.

இதே நகரம் 1945 பெப்ரவரி 23 ஆம் திகதி இரவு விமானக் குண்டுவீச்சில் அழிந்தது. ஏறத்தாழ இருபது நிமிடங்களில் 17,000 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். இடிந்த வீடுகளின் கல்லையும் மண்ணையும் கொண்டுபோய்க் கொட்டிய குன்று இப்போது பசுமையாக நிற்கின்றது. அதன் மேல் நினைவுத் தூண்கள் நிறுத்தியிருக்கின்றார்கள். அக்கா காருக்குள் இருந்தபடியே அந்தத் திசையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு காலம் இஞ்சை இருந்தும் எனக்கு இது தெரியாது" என்றார்.

எல்லையைத் தாண்டி

எரிபொருள் நிரப்பும்போது மொழி தெரியாவிட்டாலும் வடிவத்தைப் பார்த்து அடையாளம் காணலாம். 2018 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பெற்றோலுக்கு வட்டமும் டீசலுக்குச் சதுரமும் அடையாளமாக இருக்கின்றன. காரின் மூடியிலும் குழாயிலும் ஒரே வடிவம் இருக்க வேண்டும்.

ஜேர்மனியில் கார்களுக்கு நெடுஞ்சாலைக் கட்டணம் இல்லை. சுவிற்சர்லாந்தில் நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு 40 பிராங் கொடுத்து ஆண்டு அனுமதி ஒட்டி வாங்க வேண்டும். ஒரு நாள் போனாலும் அதே தொகைதான். 2023 ஓகஸ்ட் முதல் அதனை இலத்திரனியல் முறையிலும் பெறலாம். ஜேர்மனியில் எடுத்த வாடகைக் காரில் பெரும்பாலும் அது இருக்காது. நாங்கள் எல்லையில் வாங்கி ஒட்டினோம்.

அண்ணா வீட்டு வாசலில் கதிரை போட்டு இருந்தார். கார் நின்றதும் சாரதி ஆசனத்தில் இருந்த என்னையே பார்த்தார். "நீயோ ஓடி வந்தனீ?" என்று கேட்டார். வேறொன்றும் பேசவில்லை. அங்கே நின்ற ஐந்து நாட்களில் இரண்டு தடவை நானே அவரை வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்று, நான்கு மணித்தியாலம் காத்திருந்து, கூட்டி வந்தேன். சிகிச்சை முடிந்து களைத்து வருபவர் பஸ்ஸுக்கு நிற்கத் தேவையில்லாதிருந்தது. ஒருநாள் மாலை மூவரும் றைன் நதிக்கரைக்குப் போனோம். அவர் பின்னாசனத்தில் நித்திரையாகிவிட்டார். அக்கா கதவை மெதுவாகச் சாத்தச் சொன்னார்.

எமது ஊரில்

இப்பத்திரிகையை வாசிப்பவர்களில் காலில் காயமடைந்தவர்கள் பலர் இருக்கின்றீர்கள். இடது காலை இழந்தவருக்கு ஒட்டோமற்றிக் காரில் எந்த மாற்றமும் செய்யத் தேவையில்லை. வலது காலை இழந்தவருக்கு அக்சிலேற்றரை இடது பக்கத்துக்கு மாற்றும் கருவி உண்டு. இரண்டு கால்களும் இயங்காதவர்களுக்குக் கையால் இயக்கும் கருவிகள் உண்டு. ஐரோப்பாவில் சில வாடகை நிறுவனங்கள் முன்கூட்டியே அறிவித்தால் இவற்றைப் பொருத்தித் தருகின்றன.

இங்கே முதலில் தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவகத்தின் வைத்தியச் சான்றிதழைப் பெற வேண்டும். உங்கள் உடல்நிலையை மறைக்காமல் சொல்லுங்கள். என்ன வகை வாகனம் ஓட்டலாம் என்று அங்கேயே கேட்டு அறியுங்கள். பயிற்சிப் பாடசாலையில் சேருமுன் அவர்களிடம் ஒட்டோமற்றிக் கார் இருக்கின்றதா, பரீட்சைக்கும் அதையே தருவார்களா என்று கேளுங்கள். சில பாடசாலைகள் "மனுவலில் பழகுங்கோ, பிறகு பாப்பம்" என்று சொல்லிக் காசை வாங்கிவிடும். பற்றுச்சீட்டில் "ஒட்டோ" என்று எழுதித் தரும்படி கேளுங்கள்.

சொந்தமாகக் கார் வாங்க வசதியில்லையே என்று சிலர் கேட்கலாம். எனக்கும் சொந்தக் கார் இல்லை. சங்கத்து வாகனத்தைத்தான் வேலைக்கு ஓட்டுகின்றேன். ஆனாலும் அனுமதிப்பத்திரம் எனது பெயரில் இருக்கின்றது. தேவை வந்த நாளில் அது உதவியது. வைத்தியச் சான்றிதழுக்கு அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு காலையிலேயே போங்கள். வரிசை நீளமாக இருக்கும்.